வீடியோ கேம்களில் அடையாளம்: முகம் மாறினால் போதுமா?

2016-இல் வெளிவந்த ‘மாஃபியா 3’ என்ற வீடியோ கேமின் நாயகன் லிங்கன் கிளே, வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பிய கறுப்பின இளைஞன். கதை 1968-இல் நடக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை மாதிரியாகக் கொண்டு உருவாக்கிய நியூ போர்டோ என்ற கற்பனை நகரம்தான் களம். அங்கே சில கடைகளுக்குள் லிங்கன் காலடி வைத்தாலே உரிமையாளர் வெளியே போகச் சொல்வார். நின்றுகொண்டிருந்தால் போலீஸைக் கூப்பிடுவார். அவன் எதையும் திருடியிருக்க மாட்டான், யாரையும் அடித்திருக்க மாட்டான். வெள்ளையர் வாழும் பணக்காரப் பகுதியில் ஒரு குற்றம் நடந்தால் போலீஸ் வண்டிகள் பறந்து வருகின்றன. கறுப்பினத்தவர் வாழும் ஏழைப் பகுதியில் அதே குற்றம் நடந்தால் ஆடி அசைந்து வருகின்றன.

இனப்பாகுபாடு கொடியது என்று யாரும் இங்கே வசனம் பேசி விளக்குவதில்லை. நகரின் எந்தப் பகுதியில் என்ன செய்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு விளையாடும்போது, விளையாடுபவரே அதைக் கண்டுகொள்கிறார். லிங்கனின் தோல் நிறம் இந்த விளையாட்டின் விதிகளில் ஒன்றாகிவிடுகிறது. வீடியோ கேமில் அடையாளப் பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பிரதிநிதித்துவம் என்பதன் அடிப்படைப் பொருள் எளியது. ஒரு படைப்புக்குள் எந்தெந்த மனிதர்கள் இருக்கிறார்கள், எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதே அது. பாலினம், இனம், மொழி, வயது, உடல் திறன், பாலியல் நாட்டம், மனநலம், வர்க்கம் என்று அடையாளம் பலவகைப்படும். இந்த வேறுபாடுகள் ஒரு படைப்பில் இடம்பெறுவதைப் பன்மைத்துவம் என்கிறோம். நாவலிலும் திரைப்படத்திலும் நாம் ஒருவரைப் பார்க்கிறோம். வீடியோ கேமில் அவராகவே நடக்கிறோம், தாவுகிறோம், பேச வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறோம், தோற்கிறோம். ஆகவே இங்கே மனிதர்களைக் காட்டும் பொறுப்பு படத்துக்கும் வசனத்துக்கும் மட்டும் உரியதாக இருப்பதில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், யாருக்கு எந்த வழி திறக்கும், யாரை உலகம் எப்படி நடத்தும் என்பவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதரைப் பற்றி ஏதோ சொல்கின்றன.

தொடக்க காலக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1981-இல் வந்த ‘டாங்கி காங்’கில் பெண்ணின் வேலை, மீட்கப்படுவதற்காகக் காத்திருப்பது. 1985-இன் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இளவரசிக்கும் அதே வேலைதான். 1986-இல் ‘மெட்ராய்டு’ வந்தது. கவசத்துக்குள் இருந்து அத்தனை நேரம் சண்டையிட்ட வீரர் சாமுஸ் ஆரன் ஒரு பெண் என்பது முடிவில்தான் தெரியவரும். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் விளையாட்டை எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவர் தோன்றுவார். வீரராக இருந்தவரைக் கடைசி நிமிடத்தில் பரிசுப் பொருளாக்கியது அந்த வடிவமைப்பு. நல்ல எண்ணமும் பழைய பழக்கமும் ஒரே திரையில் இப்படி அருகருகே இருப்பதை இன்றும் பார்க்கலாம்.

1991-இன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ உலகின் பல நாடுகளிலிருந்து சண்டைக்காரர்களைக் கொண்டுவந்தது. பட்டியலைப் பார்த்தால் பன்மைத்துவம் நிறைந்து வழிகிறது. அதில் இந்தியர் யார்? தால்சிம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, ரப்பராக நீளும் கைகால்கள், வாயிலிருந்து நெருப்பு, பின்னணியில் வரிசையாக யானைகள். பிரேசிலிலிருந்து வருபவரோ, காட்டில் வளர்ந்த பச்சை உடம்புப் பிளாங்கா. அந்த விளையாட்டின் மீது எனக்கும் பிரியம் உண்டு, தால்சிமை வைத்து ஆடுவது இனிமையானது. ஆனாலும் ஒரு நாட்டைப் பற்றி வெளியார் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் படத்தையே எடுத்து ஒருவருக்கு மாட்டிவிட்டால், அந்த நாட்டவர் பட்டியலில் இருந்தும் இல்லாதவராகவே ஆகிறார். ஒரே அச்சில் வார்த்த பாத்திரம் என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான்.

எண்ணிப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2009-இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான பெரிய கணக்கெடுப்பு, விற்பனையில் முன்னணியில் இருந்த கேம்களின் பாத்திரங்களை அமெரிக்க மக்கள்தொகையோடு ஒப்பிட்டது. ஆண்கள், வெள்ளையர், வயதுவந்தோர் அளவுக்கு மீறி இருந்தார்கள். பெண்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், அமெரிக்கப் பூர்வகுடிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோர் தங்கள் விகிதத்தைவிடக் குறைவாக இருந்தார்கள். குழந்தைகளும் முதியோரும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பிரதிநிதித்துவம் என்றாலே இனமும் பாலினமும் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

இனி, பலரும் முதலில் சந்திக்கும் இடத்துக்கு வருவோம்: நமக்கான பாத்திரத்தை நாமே உருவாக்கிக்கொள்ளும் திரை. ஆணா பெண்ணா, என்ன நிறம், எந்த மூக்கு, எந்தத் தலைமுடி என்று தேர்ந்தெடுக்கும் வசதி. எல்லோருக்கும் இடம் உண்டு என்று அது சொல்வதுபோல் தோன்றும். ஆனால் திரை திறந்ததும் முதலில் நிற்பவர் யார் என்று பாருங்கள். ‘மாஸ் எஃபெக்ட்’ 2007-இல் தொடங்கியபோதே ஷெப்பர்டு என்ற தலைமைப் பாத்திரத்தைப் பெண்ணாகவும் விளையாடலாம். ஆனாலும் 2012-இல் மூன்றாம் பாகம் வரும்வரை விளம்பரங்களிலும் அட்டைப்படத்திலும் இருந்தது ஆண் ஷெப்பர்டுதான். விதிப்படி இருவரும் சமம். எந்த ஷெப்பர்டு ‘சாதாரணம்’, யார் மாற்று ஏற்பாடு என்பதை அட்டைப்படம் சொல்லிவிட்டது.

‘சிம்ஸ் 4’ இந்தத் திரையைத் திருத்திக்கொண்டே வந்தது. 2016-இல், அதுவரை ஒரு பாலினத்துக்கு மட்டும் என்று பூட்டிவைத்திருந்த 700-க்கும் மேற்பட்ட உடைகளையும் அணிகளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2020 டிசம்பரில் 100-க்கும் மேற்பட்ட புதிய தோல் நிறங்கள் வந்தன. காரணம், விளையாடியவர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவந்த குறை: கருமையான நிறங்கள் மிகக் குறைவு, இருப்பவையும் சாம்பல் பூத்தாற்போல இருக்கின்றன.

அந்தச் சாம்பல் பூத்தலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதை யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. மனிதத் தோலில் படும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே தெறிக்கிறது. இன்னொரு பகுதி தோலுக்குள் ஊடுருவி, சிதறி, மறுபடி வெளியே வருகிறது. வெளிர்ந்த முகத்தில் இந்த இரண்டாம் வகை ஒளி தாராளமாக இருக்கும். கருமையான தோலிலோ உள்ளே போன ஒளியில் பெரும்பகுதியை மெலனின் என்ற நிறமி உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கன்னமேடும் மூக்கின் வளைவும் புலப்படுவது பெரும்பாலும் மேற்பரப்பின் மினுமினுப்பால்தான். ஒளியமைப்பு முழுவதையும் வெளிர்ந்த முகத்தை வைத்தே சரிபார்த்துவிட்டு, கடைசியில் நிறத்தை மட்டும் கருமையாக்கினால் மினுமினுப்பு தவறான இடத்தில் விழும். முகம் தட்டையாகிவிடும். தலைமுடியிலும் இதே சிக்கல்தான். முடியைத் தட்டையான பட்டைகளாக அடுக்கி உருவாக்கும் முறை நேரான கூந்தலுக்குப் பொருந்துகிறது, அடர்ந்த சுருட்டை முடிக்குப் பொருந்துவதில்லை. கருவிகளை உருவாக்கிய நாளில் யாருடைய முகமும் முடியும் மாதிரியாக இருந்தன என்பது பல ஆண்டுகள் கழித்து ஒரு தெரிவுத் திரையில் வந்து நிற்கிறது. இதனால்தான் பன்மைத்துவத்தைக் கடைசி மாதத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது.

‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற மனநிலை வெளிப்படையாக அகப்பட்ட நிகழ்வும் உண்டு. 2014-இல் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’யில் பலர் சேர்ந்து விளையாடும் பகுதியில் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். அசைவுகளையும் உடைகளையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தயாரிக்க வேண்டிவரும் என்பது தயாரிப்பு நிறுவனமான யுபிசாஃப்ட் தரப்பில் வந்த பதில். அதே தொடரின் முந்தைய பாகம் ஒன்றில் அசைவூட்டப் பணியைத் தலைமை ஏற்று நடத்திய ஜொனாதன் கூப்பர், அது ஓரிரு நாள் வேலை என்று பொதுவெளியில் மறுத்தார். 2012-இல் வந்த ‘லிபரேஷன்’ பாகத்தின் நாயகி அவலின், ஆண் நாயகன் கானரின் அசைவுகளைப் பெருமளவு பகிர்ந்துகொண்டவர் என்பதையும் எடுத்துக்காட்டினார். எத்தனை நாள் வேலை என்ற கணக்கில் இரு தரப்புக்கும் வாதம் இருக்கலாம். எல்லாச் செலவுகளுக்கும் இடம் ஒதுக்கிய திட்டத்தில் இந்தச் செலவு மட்டும் ‘கூடுதல்’ ஆனது ஏன் என்பதே என் கேள்வி.

சரி, பெண்ணும் இருக்கிறார், கருமை நிறமும் இருக்கிறது, எல்லா உடையும் திறந்திருக்கிறது. அப்போதாவது போதுமா? போதாது. தேர்வு செய்த அடையாளம் அதற்குப் பிறகு எங்குமே தலைகாட்டாவிட்டால், அது தோலின் மேல் பூசிய வண்ணம் மட்டுமே. சில விளையாட்டுகளுக்கு அவ்வளவே போதும். எந்தக் கவலையுமின்றித் தம்மைப் போன்ற ஒருவர் ஓடி ஆடுவதைப் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு, ஒடுக்குமுறையின் கதையை மட்டுமே சுமக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டளையிட முடியாது. ஆனால் ஒரு மக்களின் வாழ்வைச் சொல்கிறேன் என்று வரும் விளையாட்டு, அந்த வாழ்வைத் தன் விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும்.

அப்படிக் கொண்டுவந்த விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2014-இல் வந்த ‘நெவர் அலோன்’. அலாஸ்காவின் இன்யுபியாட் மக்களின் வாய்மொழிக் கதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. நூனா என்ற சிறுமியும் ஒரு பனிநரியும் முடிவில்லாத பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். இருவரையும் மாற்றி மாற்றி இயக்க வேண்டும், அல்லது இரண்டு பேர் சேர்ந்து விளையாட வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் போய்விட முடியாது. எதிர்க்காற்று வீசும்போது நூனா தரையோடு குனிந்து பற்றிக்கொள்ளாவிட்டால் அடித்துச் செல்லப்படுவாள். அதே காற்று முதுகுப்பக்கம் திரும்பும்போது தாவினால், சாதாரணமாகத் தாண்ட முடியாத பிளவைத் தாண்டிவிடுவாள். உதவிக்கு வரும் ஆவிகளைப் புலப்படுத்துவது நரியின் வேலை, அவற்றின் மேல் ஏறித்தான் மேலே போக வேண்டும். விலங்கும் காற்றும் ஆவிகளும் மனிதரும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்கிறார்கள் என்பது அந்த மக்களின் உலகப் பார்வை. அதை ஒரு பாடப்புத்தக வரியாகச் சொல்லியிருந்தால் மறந்துபோயிருக்கும். இங்கே அதன்படி நடக்காதவர் அடுத்த திரைக்குப் போக முடியாது. கதை சொல்பவரின் குரல் அந்த மக்களின் இன்யுபியாக் மொழியில் ஒலிக்கிறது, மற்றவர்கள் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? வெளியூர் நிறுவனம் ஒன்று வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போகவில்லை. அலாஸ்காப் பூர்வகுடிகளுக்கான ‘குக் இன்லெட் டிரைபல் கவுன்சில்’ என்ற அமைப்பே கேம் தயாரிப்பில் இறங்கி, ஈ-லைன் மீடியா என்ற நிறுவனத்துடன் சேர்ந்து செய்தது. மூத்தோரும் கதைசொல்லிகளுமாக ஏறத்தாழ 40 பேர் பங்களித்தார்கள். அந்தக் கதையின் பதிவான வடிவம் ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லேண்டு என்ற கதைசொல்லி சொன்னது. அதைப் பயன்படுத்த அவருடைய குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்றார்கள். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கதைக்கு உரியவர்களிடம் இருந்தது. என் கணிப்பில், மேலோட்டமான பிரதிநிதித்துவத்தையும் உண்மையானதையும் பிரிக்கும் கோடு இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களாலும் ஓரளவு இதைச் செய்ய முடியும். ‘அசாசின்ஸ் கிரீட் 3’ 2012-இல் வட அமெரிக்கப் பூர்வகுடிகளான மோஹாக் இனத்தைச் சேர்ந்த நாயகன் ஒருவனைக் கொண்டுவந்தபோது, கனடாவின் கானவாகே பகுதியைச் சேர்ந்த மோஹாக் மக்களிடம் ஆலோசனை கேட்டார்கள். எதிரியின் தலைத்தோலை உரிக்கும் ஓர் அம்சத்தை அதன்பின் கைவிட்டார்கள். செய்த வேலையைத் தூக்கிப்போட மனம் இருந்ததால்தான் அந்த ஆலோசனைக்கு மதிப்பு வந்தது.

ஆலோசனை இல்லாத இடத்தில், அல்லது தாமதமாக வந்த இடத்தில் என்ன ஆகிறது? 2017-இல் ‘மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமீடா’வில் ஹெய்ன்லி ஆப்ரம்ஸ் என்ற திருநங்கைப் பாத்திரம் வந்தது. விளையாடுபவர் முதன்முதலாகச் சந்தித்து இரண்டு கேள்வி கேட்டதுமே, தன் பழைய பெயரைச் சொல்லித் தன் வாழ்க்கை வரலாற்றை ஒப்பித்துவிடுகிறார். முன்பின் தெரியாதவரிடம் எந்தத் திருநங்கையும் அப்படிச் சொல்வதில்லை, அந்தப் பழைய பெயர் பலருக்கு ஆறாத காயம். கண்டனம் எழுந்ததும் தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த உரையாடலைத் திருத்தினார்கள். எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ‘இவர் ஒரு திருநங்கை’ என்று விளையாடுபவருக்குத் தெரிவிக்கும் அவசரம், அந்த மனிதர் எப்படிப் பேசுவார் என்ற யோசனையை முந்திக்கொண்டது.

சின்ன விஷயங்களும் காட்டிக்கொடுக்கும். 2023-இன் ‘ஸ்பைடர்-மேன் 2’இல் நாயகர்களில் ஒருவரான மைல்ஸ் மொராலஸின் தாய் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். அவர்கள் வீட்டில் வைத்திருந்த கொடியோ கியூபாவுடையது. இரண்டு கொடிகளின் அமைப்பும் ஒன்றே: ஐந்து பட்டைகள், ஒரு முக்கோணம், ஒரு நட்சத்திரம். போர்ட்டோ ரிக்கோவுக்குச் சிவப்புப் பட்டையும் நீல முக்கோணமும், கியூபாவுக்கு நீலப் பட்டையும் சிவப்பு முக்கோணமும். நிறங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. போர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவர் அந்த அறையை ஒருமுறை பார்த்திருந்தாலும் பிடித்திருப்பார். பின்னர் நிறுவனம் அதைத் திருத்தியது.

சிலர் இதையெல்லாம் கணக்காக்கிவிட முயன்றார்கள். 2022-இல் ஆக்டிவிஷன் பிளிஸார்டு நிறுவனம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பண்பாடு, இனம், வயது, பாலியல் நாட்டம், உடல் திறன் என்று மதிப்பெண் இட்டு, சிலந்தி வலை வடிவ வரைபடத்தில் காட்டும் கருவி ஒன்றை அறிமுகப்படுத்தியது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. தயாரிப்பில் இருக்கும் கேம்களில் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் விளக்கம் தர வேண்டியிருந்தது. ‘வழக்கமான’ மனிதருக்குப் பூஜ்யம் போட்டு, அவரிடமிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறார் என்று அளப்பதே அந்தக் கருவியின் அடிப்படை. எதை நடுப்புள்ளியாக வைத்தார்களோ அதுவே உலகின் மையம் என்ற பழைய எண்ணத்தை அது எண்களில் எழுதிவைத்தது. ஒப்புக்கு ஒருவரைச் சேர்ப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மனநலமும் உடல் திறனும் இந்தப் பேச்சில் எப்போதும் பின்வரிசைக்குத் தள்ளப்படுகின்றன. 2017-இல் நிஞ்ஜா தியரி வெளியிட்ட ‘ஹெல்பிளேடு’ மனப்பிறழ்வு அனுபவத்துக்குள் வாழும் செனுவா என்ற பெண்ணின் கதை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரும், அந்த அனுபவத்தோடு வாழ்ந்தவர்களும் அதன் உருவாக்கத்தில் உடனிருந்தார்கள். ஹெட்போன் மாட்டி விளையாடினால் குரல்கள் இடக்காதுக்குப் பின்னாலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் பேசுகின்றன. சில குரல்கள் கேலி செய்யும். சில, பின்னாலிருந்து எதிரி வருவதை எச்சரிக்கும். எனவே அவற்றை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. மரக்கிளைகளும் நிழல்களும் சேர்ந்து ஒரு குறியீடாகத் தெரியும் கோணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் புதிர்களில் முக்கியமானது. தொடர்பற்றவற்றில் தொடர்பு காணும் மனத்தின் போக்கையே புதிராக்கியிருக்கிறார்கள். பைத்தியம் என்றால் வில்லன் என்று பழக்கப்பட்ட ஒரு துறையில் இது பெரிய மாற்றம்.

மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது ஒரு பங்கு. அவர்கள் விளையாட முடிவது அதைவிடப் பெரிய பங்கு. 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. ஒலிக் குறிப்புகளின் துணையோடு, பார்வையற்றவர்கள் அதைத் தொடக்கம் முதல் முடிவுவரை விளையாடினார்கள். மலையேறும் விளையாட்டான ‘செலஸ்ட்’ 2018-இல் வேகத்தைக் குறைக்கவும், களைப்பின்றி ஏறவும் உதவும் தெரிவுகளைத் தந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட், பெரிய பொத்தான்களும் வெளிக்கருவிகளை இணைக்கும் துளைகளும் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையை ஒரு விதமாக மட்டுமே அசைக்க முடிந்த ஒருவருக்கு, கதையில் தன்னைப் போன்ற ஒருவர் இருப்பதற்கு முன், கதைக்குள் நுழையக் கதவு வேண்டும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே, பொழுதுபோக்கில் எதற்கு அரசியல் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், கேட்பவர்களில் பலர் உண்மையிலேயே விளையாட்டை நேசிப்பவர்கள். ஆனால் ஒரே வகை நாயகன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து வந்ததும் யாரோ எடுத்த முடிவுதான். பழகிப்போன முடிவு நம் கண்ணுக்கு முடிவாகவே தெரிவதில்லை. சிறுபான்மையினர் என்றால் எல்லோரும் உத்தமர்களாகத்தான் இருக்க வேண்டுமா என்று இன்னொரு கேள்வி வரும். வேண்டாம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’இன் எல்லி பெண்களை விரும்பும் பெண். பழிவாங்கப் புறப்பட்டுக் கொடுமையான காரியங்களைச் செய்கிறாள், நாமே பொத்தானை அழுத்தி அவளைச் செய்யவைக்கிறோம். அவள் முழு மனுஷியாகத் தெரிவது அதனால்தான். உத்தமராக மட்டுமே அனுமதிக்கப்படுவது இன்னொரு வகைச் சிறை.

தமிழ் பேசும் குடும்பம் ஒன்றும் இந்த வரலாற்றில் இடம் பிடித்திருக்கிறது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பெற்றோரையும் அங்கே வளரும் மகன் கவினையும் பற்றியது. சிறிய குழு, சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டு. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்ட படிகளை யூகித்து நிரப்புவதே ஆட்டம். தாயின் கையெழுத்தில் எஞ்சியதை வைத்து மீதியைத் தேடும் அந்தச் செயலே, புலம்பெயர்ந்தவரின் நிலையை ஒரு விதியாக மாற்றிவிடுகிறது. மகன் கவனிக்காதபோது தாயின் பேச்சு திரையில் மங்கிக் கலங்கிவிடுகிறது, அந்த எழுத்துகளை நாமும் முழுமையாகப் படிக்க முடிவதில்லை. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை அது வென்றது.

நீங்கள் ஒரு சிறிய விளையாட்டை உருவாக்கத் தொடங்கியிருந்தால், படம் வரைவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் விதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எதைச் செய்யலாம், யாருக்கு எது மறுக்கப்படுகிறது, எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை. பாத்திரத்தின் பெயரையும் நிறத்தையும் மறைத்துவிட்டு அதைப் படியுங்கள். அவர் யார் என்பதற்கான தடம் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, யாருடைய வாழ்வை எடுத்தாள்கிறீர்களோ அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டுங்கள். முழுவதையும் மாற்றச் சொன்னாலும் மாற்றுவதற்கு நேரம் இருக்கும்போதே கூப்பிடுங்கள், அந்த நேரத்துக்கு அவருக்கு ஊதியம் கொடுங்கள், உருவாக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் போடுங்கள்.